குறுக்கே கிடந்த கம்பு

பட்டப்பகலில், சந்தை நாளில், தெருவே பார்க்க, திருத்தணி ஏட்டு துரைக்கண்ணு தலைப்பாகை இல்லாமல் வீட்டுக்கு நடந்து வந்தார். ஒரு தடவை என்றால் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிச் சமாளிக்கலாம். இரண்டாம் தடவையும் காற்று என்றே சொல்லிப் பார்க்கலாம். சொல்லவும் சொன்னார். மூன்றாம் தடவைக்கு என்னத்தைச் சொல்வது? வெற்றிலைக் கடை ரத்தினம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாயைத்தான் பொத்த முடிந்தது, சிரிப்பைப் பொத்த முடியவில்லை.

"இன்னா ஏட்டய்யா, இன்னைக்கும் காத்தா?"

"ஆங், காத்துதான். நீ உன் வெத்தலையைப் பாரு."

அந்தக் காற்றுக்கு வேடியப்பன் என்று பேர்.

உலகச் சண்டை முடிந்து வருஷம் ஒன்று போய்விட்டது. ஆனாலும் நூலுக்கு வைத்த கண்ட்ரோல் போகவில்லை. தறிக்காரனுக்கு இவ்வளவுதான் நூல் என்று சர்க்கார் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த அளந்த நூலும் ஊர் வந்து சேர்ந்தால்தானே! மணவூர் தாண்டி வளைவில் கூட்ஸ் வண்டி மெதுவாகப் போகும். அங்கே வேடியப்பன் ஆட்கள் ஏறி நூல் மூட்டைகளை உருட்டித் தள்ளிவிடுவார்கள். அப்புறம் அதே நூலை அதே தறிக்காரர்களுக்கு, வாய் கூசாமல் விலை சொல்லி விற்பார்கள். வாங்க முடிந்தவன் நெய்தான். முடியாதவன் தறியை மூடிவிட்டுக் கல் உடைக்கப் போனான். அம்மையார்குப்பத்தில் பாதித் தெருக்களில் தறிச் சத்தம் நின்றே போயிற்று.

சரி, பிடிப்பதுதானே என்பீர்கள். பிடிக்கத்தான் போனார்கள், மூன்று தடவை. போலீஸ் சுற்றி வளைத்ததும் வேடியப்பன் ஓட மாட்டான், ஒளிய மாட்டான். கம்பை எடுப்பான். அவன் கம்பு சுற்றினால் கம்பே தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். கிட்டே போன கான்ஸ்டபிளுக்கெல்லாம் முட்டியில் ஒன்று, முழங்கையில் ஒன்று. ஒருத்தனுக்கும் எலும்பு முறியாது, ஒருத்தனாலும் மறுநாள் எழுந்து நிற்கவும் முடியாது. கடைசியில் கம்பு நுனி துரைக்கண்ணுவின் நெற்றிக்கு நேரே வரும். ஒரு முடிகூட அசையாமல், சிவப்புத் தலைப்பாகை மட்டும் நுனியில் தொத்திக்கொண்டு மேலே போகும்.

"ஏட்டய்யா, தலைக்குக் கொஞ்சம் காத்து படட்டும்!"

இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, வந்த வழியே நடந்து போவான். மூன்று தடவையும் இதே பேச்சு, இதே சிரிப்பு. துரைக்கண்ணுவுக்கு முட்டி வலிகூட மறந்துவிட்டது, அந்தக் குரல் மட்டும் காதிலேயே குடியிருந்தது.

இன்ஸ்பெக்டர் வீரபத்திரன் அன்று காலை கூப்பிட்டு நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"யோவ் ஏட்டு, சர்க்கார் உனக்குத் தலைப்பாகை குடுக்குதா, இல்ல உன் வழியா அவனுக்குக் குடுக்குதா? ஆடிக் கிருத்திகைக்குள்ள அவனும் வரணும், தலைப்பாகையும் வரணும். இல்லேன்னா கையில இருக்கற ஏட்டுப் பட்டையைப் பிரிச்சு என் மேஜை மேல வெச்சுட்டு, சாதா கான்ஸ்டபிளா கர்னூல் காட்டுப் பக்கம் போய்ச் சேரு."

அந்தப் பட்டைக்காக துரைக்கண்ணு பட்ட பாடு கொஞ்சநஞ்சமா? முதல் நாள் சட்டைக் கையில் அதைத் தைத்துக்கொண்டு வந்தபோது, தெருவில் போனவர்களை எல்லாம் வேண்டுமென்றே அந்தக் கையை நீட்டி நீட்டிக் கூப்பிட்டவர் அவர். இப்போது அதே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

நுழைந்தால் அங்கே ஒரு தகராறு.

அவர் மனைவி அம்சா கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் தண்ணீர்க் குடம், தலையில் அலசிய துணிக்கூடை. சமையற்கட்டு வாசலில், துணி காயப் போடும் கம்பு சரிந்து குறுக்கே விழுந்து கிடந்தது. அம்சா அதற்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"ஏங்க, அந்தக் கம்பைக் கொஞ்சம் எடுத்து வையுங்களேன்."

"தாண்டி வாயேன்டி."

"தாண்டக் கூடாதுங்க."

"நான் தினம் தாண்டிகினுதான் இருக்கேன். எனக்கு இன்னா கொம்பா முளைச்சுது?"

"நீங்க தாண்டறது தெரியும்" என்றாள் அம்சா. அதை அவள் சொன்ன விதத்தில் ஒரு வண்டி பேச்சு இருந்தது.

துரைக்கண்ணுவுக்கு வீம்பு. உள்ளே சோறு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. குடத்துத் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் புடவை நனைந்தது. அவள் அசையவில்லை. கடைசியில் அவரே குனிந்து எடுத்து நிறுத்தினார். அம்சா குடத்தை இறக்கிவிட்டு வந்து, கம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் அடுப்பைக் கவனித்தாள்.

"கம்பு புடிச்சவங்க யாரும் அதைத் தாண்ட மாட்டாங்க. கழுத்துல கத்தியை வெச்சாலும் தாண்ட மாட்டாங்க" என்றாள், கரண்டியைப் பிடித்தபடி.

அது வெறும் துணிக்கம்பு இல்லை. அம்சாவின் நைனா ஜம்புலிங்கம், பள்ளிப்பட்டில் சிலம்ப வாத்தியாராக இருந்தவர். பிள்ளை இல்லை, ஒரே பெண். பெண்ணுக்கே கம்பு கற்றுக் கொடுத்துவிட்டார். கல்யாணத்தின்போது துரைக்கண்ணு போட்ட ஒரே நிபந்தனை, கம்பை விட்டுவிட வேண்டும் என்பது. போலீஸ்காரன் பெண்டாட்டி கம்பு சுற்றினால் ஊர் சிரிக்காதா? அம்சா சரி என்றாள். சீரோடு சீராக வந்த அந்தக் கம்பு, கொல்லையில் ஈரத்துணி சுமக்கப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அம்சா கம்பைத் தொடவே இல்லை என்று துரைக்கண்ணு நம்பிக்கொண்டிருந்தார்.

கிருத்திகைக்கு முன்னால் வேடியப்பன் தானாகவே தகவல் சொல்லி அனுப்பினான். என்ன திமிர் பாருங்கள்! பூ விற்கிற ஒருத்தியிடம், "வருஷம் தவறாம முருகனுக்குப் பூக்காவடி எடுக்கறவன் நான். இந்த வருஷமும் வருவேன். ஏட்டய்யாவைக் கண்டா சொல்லு" என்று சொன்னானாம். விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

துரைக்கண்ணுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேடிப் போக வேண்டியவன் தேடி வருகிறானே! சுருட்டை முடி, கொடுவாள் மீசை. ஆயிரம் பேரில் நின்றாலும் தெரியுமே!

கிருத்திகையன்று சரவணப் பொய்கைக் கரையில் போய் நின்ற பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. எங்கே பார்த்தாலும் மொட்டை. முழுக்குப் போட்டு, மொட்டையடித்து, மீசையையும் மழித்து, தலை நிறையச் சந்தனம் பூசி, மஞ்சள் வேட்டி கட்டி, தோளில் பூக்காவடியோடு மலை ஏறுகிற ஜனம். திருத்தணியிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் மூளைக்கு எட்டவில்லை. முடியையும் மீசையையும் மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தவருக்கு, அவை இல்லாத முகம் எப்படி இருக்கும் என்று தோன்றவே இல்லை.

இருந்தாலும் விடவில்லை. உயரமாக இருந்த ஒரு மொட்டையின் கையைப் பிடித்தார். அது பள்ளிக்கூட வாத்தியார். தோள் அகலமாக இருந்த இன்னொரு மொட்டையை மடக்கினார். அந்த மனிதர் புத்தூர்க்காரர், தெலுங்கிலேயே ஏட்டின் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுப் போனார். மூன்றாவதாகப் பின்னாலிருந்து ஒருத்தனைப் பாய்ந்து கட்டிப் பிடித்தார். திரும்பினால், அவருடைய சொந்தப் பங்காளி தங்கவேல்!

"இன்னா துரை, இவ்வளவு பாசமா? போன மாசம் என் வூட்டுக் காதுகுத்துக்கு வரலியே நீ!"

வெட்கம் தாங்காமல் துரைக்கண்ணு பாதி மலையில் இருந்த மண்டபத்துக்கு ஏறிவிட்டார். அந்த இடத்தில் படி குறுகும். இரண்டு பக்கமும் தூண். ஏறுகிறவர்கள் எல்லோரும் அந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். கூட வந்த கான்ஸ்டபிள் பரந்தாமனை ஒரு தூணோரம் நிறுத்தினார். தம் தடியை இன்னொரு தூணில் சாத்திவிட்டு, உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையிலிருந்த பட்டையைத் தடவிப் பார்த்தார். நாளைக்கு இந்த நேரம் இது இருக்காது. அழுகை வருகிற மாதிரி இருந்தது.

கூட்ட நெரிசலில் யார் காலோ பட்டு, தடி சரிந்து படிக்குக் குறுக்கே விழுந்தது. ஜனம் தாண்டித் தாண்டிப் போனது. ஒரு ஆட்டுக்குட்டிகூடத் துள்ளித் தாண்டியது. துரைக்கண்ணுவுக்கு எழுந்து எடுக்க மனசில்லை.

அப்போது அம்சா சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். தலையில் புளிச்சோற்றுக் கூடை, இடுப்பில் மோர்ப் பானை. தடிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"ஏங்க, தடியை எடுங்க."

"உனக்கு நேரங்காலமே கிடையாதா? தாண்டி..." என்று ஆரம்பித்த துரைக்கண்ணு, வாயைத் திறந்தபடியே இருந்துவிட்டார். அம்சாவைப் பார்த்தார். தடியைப் பார்த்தார். தோளில் காவடியோடு ஏறி வருகிற மொட்டைகளைப் பார்த்தார். காவடி எடுத்தவன் சந்நிதி போகிற வரைக்கும் அதைக் கீழே இறக்கக் கூடாது. காவடியோடு குனியவும் முடியாது. அப்படிப்பட்டவன் கம்பு பிடித்தவனாகவும் இருந்துவிட்டால்?

"அடி என் தங்கமே!" என்று கத்திவிட்டார். வழியில் போன நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்சாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஊர் நடுவுல இன்னாங்க இது!"

விஷயத்தைச் சொன்னதும் அம்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துரைக்கண்ணு அவளைப் பக்கவாட்டில் ஏற்றிவிட்டு, தடியைத் தூணுக்குத் தூண் சரியாகக் குறுக்கே வைத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தார். ஒரு கண் சோற்றில், ஒரு கண் தடியில்.

ஜனம் தாண்டிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு பையன் குனிந்து, தடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தூணுக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஒதுங்கிப் போனான். பரந்தாமன் பாய்ந்தான்.

"விடுங்க அவனை. காலைப் பாருங்க, கத்துக்குட்டி. நேத்துதான் கம்பு தொட்டிருக்கான்" என்றாள் அம்சா.

மோரும் முடிந்துவிட்ட நேரத்தில், கீழேயிருந்து ஒரு பெரிய பூக்காவடி ஏறி வந்தது. சாமந்தியும் அரளியும் அடர்த்தியாக வைத்துக் கட்டிய காவடி. சுமந்து வந்தவன் ஒவ்வொரு படிக்கும் ஓர் அரோகரா போட்டுக்கொண்டு வந்தான். இடுக்குக்கு வந்தான். தடியைப் பார்த்தான். நின்றான்.

வலது காலைத் தூக்கினான். திரும்பக் கீழே வைத்தான். குனியப் பார்த்தான், காவடி முன்பக்கம் சரிந்தது. தூணுக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்றால் அவ்வளவு பெரிய காவடி அதில் நுழையாது. நிமிர்ந்துகொண்டான். பின்னால் வந்த கூட்டம் அவன் முதுகில் முட்டியது.

"ஏன் சாமி நின்னுட்ட? நட சாமி, நட!"

"இரு சாமி" என்றவன், அம்சாவைப் பார்த்துக் கெஞ்சினான். "தாயே, அந்தத் தடியைக் கொஞ்சம் எடுத்துடு தாயே. புண்ணியமாப் போவும்."

காதில் குடியிருந்த அந்தக் குரல்! துரைக்கண்ணு கையைக் கழுவக்கூட இல்லை. எழுந்து அவன் எதிரே போய் நின்றார்.

"எடுக்கறேன் வேடியப்பா. இன்னா அவசரம்? தலைக்குக் கொஞ்சம் காத்து படட்டும்."

காவடியே குலுங்கும்படி வேடியப்பன் சிரித்தான். பூவெல்லாம் உதிர்ந்தது. "ஏட்டய்யாவா! அட முருகா! மீசையைக்கூட உனக்குக் குடுத்துட்டேன், இந்த ஆளுகிட்ட மாட்டிவுட்டுட்டியே!"

பரந்தாமன் கைவிலங்கை எடுத்தான். சுற்றி நின்ற ஜனம் முணுமுணுத்தது. காவடியோடு நிற்கிறவனைப் பிடிப்பதா? துரைக்கண்ணுவுக்கே கை வரவில்லை. அவரும் முருகனுக்கு மொட்டை போட்டு வளர்ந்த பிள்ளைதானே?

வேடியப்பன் அதைப் பார்த்துவிட்டான். குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ஏட்டய்யா, காவடியைச் செலுத்திட்டு நேரா இந்த மண்டபத்துக்கே வரேன். முருகன் மேல ஆணை. வந்து கம்பு எடுப்போம். நான் தோத்தா விலங்கு போடுங்க, நீங்க தோத்தா வழி விடுங்க. நீங்கதான் வரணும்னு இல்ல, உங்க வூட்ல யார் வந்தாலும் சரி."

"யோசிக்காதீங்க ஏட்டய்யா, ஓடிடுவான்" என்றான் பரந்தாமன்.

துரைக்கண்ணு தடியை எடுத்து வழி விட்டார். "போய்ட்டு வா. நீ ஜெயிச்சா என் பட்டை போச்சு, அவ்வளவுதானே?" என்றார். அந்தப் பூக்காவடி மேலே போய் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

வந்தான். தோளில் காவடி இல்லை, நெற்றியில் விபூதி, மொட்டையில் புதுச் சந்தனம். பரந்தாமனின் தடியைக் கையில் வாங்கிக்கொண்டான். மண்டபத்தைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. காவடிக்கு வந்த மேளக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

துரைக்கண்ணு விட்டுக்கொடுக்காமல்தான் ஆடினார். பொய் சொல்லக் கூடாது. முதல் வீச்சைத் தடுத்தார், இரண்டாவதையும் தடுத்தார். கூட்டம் ஓகோ என்றது. அந்த ஓகோவைக் கேட்டு ஒரு நொடி நெஞ்சை நிமிர்த்தினார் பாருங்கள், அதுதான் வினை. முதுகில் ஒன்று பளீரென்று விழுந்தது. தடி ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார்.

"போதும் ஏட்டய்யா. உங்க மேல எனக்குக் கோபம் கிடையாது. வழி விடுங்க."

துரைக்கண்ணு தரையில் உட்கார்ந்தபடி அம்சாவைத் தேடினார். பாவம், பார்த்து அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தார். அவள் இவரைப் பார்க்கவே இல்லை! வேடியப்பன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேளத்துக்குத் தக்கபடி அவள் கால் கட்டைவிரல் தரையில் அடியெடுத்து வைத்துக்கொண்டிருந்தது. முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, திரும்பி ஒன்று.

அப்போதுதான் அவருக்குக் கொல்லைக் கம்பு ஞாபகத்துக்கு வந்தது. துணி தொங்குவது மேல் நுனியில். ஆனால் அந்தக் கம்பு நடுவில், கை பிடிக்கிற இடத்தில்தான் பளபளவென்று மின்னும். தினமும் அதைத் தாண்டிப் போன போலீஸ்காரன் ஒரு நாளாவது யோசித்தானா? தான் டியூட்டிக்குப் போனதும் கொல்லையில் என்ன நடக்கிறது என்று தெரியாத ஏட்டு, வேடியப்பனைப் பிடிக்கப் புறப்பட்டேனே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். திட்டத் திட்ட சந்தோஷமாகவும் இருந்தது.

தடியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார்.

"இந்தா அம்சா."

"இன்னாங்க?"

"எடு. எங்க வூட்ல யார் வந்தாலும் சரின்னு அவனே சொன்னான்."

அம்சாவின் கண் விரிந்தது. "நெஜமாவா? ஊர் சிரிக்குமே?"

"சிரிக்கட்டும்டி. மூணு தடவை என்னைத் தனியா வெச்சுச் சிரிச்சுது. இந்தத் தடவை நானும் கூடச் சேந்து சிரிக்கறேன். உன் கையில இருந்து கம்பை வாங்கினது என் தப்பு. எடு."

அம்சா தடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கூட்டம் சிரிக்கத்தான் செய்தது. வேடியப்பனும் சிரித்தான். "ஏட்டய்யா, பொம்பளையை முன்னால விட்டு..."

அதற்குள் அம்சா சலாம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். ஆட்டத்துக்கு முன்னால் மண்ணுக்கும் குருவுக்கும் எதிராளிக்கும் வைக்கிற வணக்கம் அது. தடி இடது பக்கம் சுழன்று, தரையைத் தொட்டு, நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. வேடியப்பன் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"பள்ளிப்பட்டு ஜம்புலிங்க வாத்தியார் சலாமாச்சே இது?"

"அவர் பொண்ணுதான்."

வேடியப்பன் பதில் சலாம் எடுத்தான். விளையாட்டாக இல்லை, முழுசாக, பணிவாக எடுத்தான்.

பிறகு நடந்ததை திருத்தணிக்காரர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். துரைக்கண்ணு பார்த்தது இதுதான். வேடியப்பன் தடி இடி மாதிரி இறங்கியது. அம்சா அதை எதிர்த்து நிற்கவில்லை. இறங்குகிற இடத்தில் அவள் இருந்தால்தானே! அவன் பலமாக வீச வீச, இவள் சின்னச் சின்ன அடியாக வைத்து உள்ளே போனாள். ஒரு தடவை அவன் தடி இவள் தோளை உரசியது. துரைக்கண்ணுவுக்கு உயிரே போய்விட்டது. அம்சா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அட, சிரிக்கிறாள்! கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்ததே இல்லை. மேளக்காரர்கள் வெறி பிடித்த மாதிரி அடித்தார்கள்.

"விடாதே அம்சா! விடாதே!" என்று துரைக்கண்ணு கத்தினார். தொண்டை கட்டிப்போயிற்று.

வேடியப்பன் சுழன்று அடிக்கத் திரும்பினான். அம்சா அவன் கைக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் எழுந்து, தடியை மெல்ல நீட்டினாள். 'டொக்' என்று ஒரு சத்தம். தேங்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரி, அவ்வளவுதான். மேளம் நின்றது.

அம்சா தடி நுனியை எல்லோருக்கும் காட்டினாள். நுனியில் சந்தனம். வேடியப்பன் மொட்டையில் உச்சிக்கு நேரே, சந்தனம் பெயர்ந்து ஒரு வட்டம் வெறுமையாகத் தெரிந்தது. தலையில் தொட்டால் ஆட்டம் முடிந்தது. கம்பு பிடித்தவர்களுக்கு அதற்கு மேல் பேச்சு இல்லை.

"அரோகரா!" என்று யாரோ ஆரம்பித்தார்கள். மலையே அரோகரா போட்டது.

வேடியப்பன் உச்சியைத் தடவிப் பார்த்தான். தடியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினான். "தோத்துட்டேன் தாயி. போடச் சொல்லு."

"விலங்கு அப்புறம். நூல் எங்க?" என்றாள் அம்சா. மூச்சு வாங்கியது, ஆனால் குரல் நடுங்கவில்லை. "அம்மையார்குப்பத்துல எங்க சித்தப்பா பொண்ணு காஞ்சனா வூட்டுத் தறி மூணு மாசமா சும்மா கிடக்குது. அவ வூட்டுக்காரர் கையில கல்லு உடைச்சுக் காய்ப்பு. முருகனுக்குப் பூக்காவடி எடுத்தா அதெல்லாம் சரியாப் போவுமா?"

வேடியப்பன் தலையைக் குனிந்தான். "மணவூர் தாண்டிப் பழைய செங்கல் சூளை இருக்குது. எல்லா மூட்டையும் அதுக்குள்ளதான். தப்புதான் தாயி."

"என் தலைப்பாகை?" என்றார் துரைக்கண்ணு.

வேடியப்பனுக்கு இப்போதுதான் வெட்கம் வந்தது. "சந்நிதியில இருக்குதுங்க. காவடி வளைவுல மூணையும் சுத்தி, அதுக்கு மேலதான் பூ கட்டினேன். செவப்புத் துணி வாங்கலாம்னு ஊரெல்லாம் அலைஞ்சேன். துணிக்கும் கண்ட்ரோலாம், எங்கியும் கிடைக்கல."

நூலைக் கடத்தியவனுக்கே துணி கிடைக்கவில்லையாம்! மண்டபம் அதிரும்படி ஜனம் சிரித்தது. விலங்கைப் பூட்டிக்கொண்டிருந்த பரந்தாமன் சிரிப்பில் சாவியைக் கீழே போட்டுவிட்டான்.

சந்நிதியில் பந்தோபஸ்துக்கு நின்றிருந்த இன்ஸ்பெக்டர் வீரபத்திரன் மேலேயிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்தார். விலங்கோடு வேடியப்பன், கையில் தடியோடு ஏட்டு சம்சாரம், முதுகைப் பிடித்துக்கொண்டு ஏட்டு.

"யார்யா இவனை அடிச்சது?"

ஒரு நிமிஷம் எல்லோரும் துரைக்கண்ணுவைப் பார்த்தார்கள். நான்தான் என்று சொல்லியிருந்தால் மறுக்க யாருக்கும் மனசு வந்திருக்காது. வேடியப்பன்கூட வாயைத் திறந்திருக்க மாட்டான். துரைக்கண்ணு விறைப்பாக நின்று சலாம் வைத்தார்.

"என் சம்சாரம் அம்சாங்க. நான் அடி வாங்கினேன், அவ அடிச்சா."

இன்ஸ்பெக்டர் அம்சாவை மேலும் கீழும் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. "பட்டை உன் கையிலயே இருக்கட்டும் ஏட்டு. கம்பு யார் கையில இருக்கணும்னு நீங்க ரெண்டு பேரும் வூட்ல பேசி முடிவு பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

சூளையில் நூல் கிடைத்தது. அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தம் திரும்பவும் கேட்க ஆரம்பித்தது. தன் வீட்டுத் தறியில் முதலில் இறங்குகிற புடவை அம்சாவுக்குத்தான் என்று காஞ்சனா சொல்லிவிட்டாள்.

அதை வாங்கிக்கொண்டு துரைக்கண்ணு ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். தலையில் சிவப்புத் தலைப்பாகை. துவைத்தும் சாமந்தி வாசனை போகவில்லை, அவரும் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒரு கையில் புடவைப் பொட்டலம், இன்னொரு கையில் காஞ்சனா கொடுத்தனுப்பிய பெரிய பூசணிக்காய். முதுகு இன்னும் சரியாகவில்லை, குனிந்தால் சுளீரென்றது.

வாசலில் கம்பு குறுக்கே கிடந்தது. இப்போது அது துணி சுமப்பதில்லை. அதற்குக் கொல்லையில் கயிறு கட்டிவிட்டார் அவரே. அம்சா ஆடிவிட்டுப் போட்ட இடத்தில் போட்டிருந்தாள்.

துரைக்கண்ணு காலைத் தூக்கினார். திரும்பக் கீழே வைத்தார்.

"அம்சா! கம்பை எடு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "தாண்டி வாங்களேன்."

"தாண்டக் கூடாதுடி!"

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. சோறு வடிக்கிற சத்தமும் கேட்டது. அவள் அவசரப்படுகிற மாதிரி தெரியவில்லை. பூசணிக்காய் கனத்தது. வெற்றிலைக் கடை ரத்தினம்மாள் தெருவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா ஏட்டய்யா, வாசல்லயே நின்னுகினு இருக்கீங்க?"

"ஆங்" என்றார் துரைக்கண்ணு, பூசணிக்காயைத் தோளில் ஏற்றிக்கொண்டு. "காத்து வாங்கிகினு இருக்கேன்."